வீட்டுத் தொட்டியும் ஊர்க் கிணறும்

பேரூராட்சி ஒன்றில் செப்டிக் டேங்க் கணக்கெடுக்கப் போகிறவர்கள் முதல் தெருவிலேயே ஒரு பெருமிதத்தைக் கேட்பார்கள். "வீடு கட்டி இருபது வருஷம் ஆச்சுங்க. இதுவரைக்கும் டேங்க் எடுத்ததே இல்லை. அந்தக் காலத்துக் கொத்தனார், அப்படிக் கட்டிக் குடுத்திருக்கார்." சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டுத் தொட்டி உண்மையிலேயே நிரம்பவில்லை.

ஒருவரால் நாளொன்றுக்குச் சேரும் செரித்த கசடு ஏறக்குறைய 0.21 லிட்டர் என்பது பொறியாளர்கள் வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் கணக்கு. ஆண்டுக்கு 77 லிட்டர் ஆகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் இருபது ஆண்டுகளில் ஏழாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கு மேல் கசடு மட்டுமே சேர்ந்திருக்க வேண்டும். அவ்வளவும் தொட்டிக்குள் இல்லையென்றால் அடிமண்ணுக்குள் போயிருக்கிறது, அல்லது தெருச் சாக்கடை வழியாக ஏரிக்குப் போயிருக்கிறது. தொட்டிக்குள்ளேயே இருக்கிறதென்றால் அது அடியில் கல்லாக இறுகிக் கிடக்கிறது. மேலே விழுவது எதுவும் தங்காமல் அப்படியே வெளியேறிக்கொண்டிருக்கிறது. மூன்றில் எது நடந்தாலும் அந்தத் தெருவின் கிணற்று நீரைச் சோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பேரூராட்சி, ஊராட்சி உறுப்பினர்களுக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதுதான்: தொட்டி இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதிலிருந்து வெளியேறும் நீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். ஒழுங்குமுறை முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளைக்கிறது.

தொட்டி பாதி வேலைதான் செய்யும்

முறையான செப்டிக் டேங்க்கில் இரண்டு அறைகள் இருக்கும். கழிவறையிலிருந்து வருவது முதல் அறையில் விழுகிறது. கனமானவை அடியில் படியும், எண்ணெய்ப் பசையும் லேசானவையும் மேலே ஏடாக மிதக்கும், நடுவிலுள்ள நீர் மட்டும் தடுப்புச் சுவரைக் கடந்து இரண்டாவது அறைக்குப் போகும். அங்கே இன்னும் கொஞ்சம் தெளிந்து, டீ குழாய் வழியாக வெளியேறும். அடியில் படிந்ததைக் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் மெல்லச் செரிக்கின்றன. நீர் ஒரு நாளாவது அசையாமல் நின்றால்தான் இவ்வளவும் நடக்கும். கசடு ஏற ஏற நீருக்கான இடம் குறைகிறது, நிற்கும் நேரமும் குறைகிறது. அதனால்தான் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறார்கள்.

நன்றாக வேலை செய்யும் தொட்டியிலிருந்து வரும் நீர்கூடப் பார்க்கத்தான் தெளிவாக இருக்கும். அதிலுள்ள கரிமக் கழிவில் பாதிக்கு மேல் அப்படியே மிச்சமிருக்கலாம். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகளில் பெரும்பகுதி உயிரோடுதான் வெளியே வருகிறது. மீதி வேலையைச் செய்ய வேண்டியது மண். தொட்டியை அடுத்த உறிஞ்சுகுழியிலிருந்து நீர் ஈரமில்லாத மண்ணுக்குள் மெதுவாக இறங்கும்போது கிருமிகள் வடிகட்டப்படுகின்றன, மடிகின்றன. அந்த மண்ணில்லாமல் தொட்டி மட்டும் இருந்தால் சுத்திகரிப்பு பாதியில் நின்றுபோகிறது.

களத்தில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் வேறு. அடியில் தளம் போடாமல் நாலு பக்கச் சுவர் மட்டும் எழுப்பிய தொட்டி ஒரு வகை. சிமெண்ட் உறைகளைக் கிணறுபோல இறக்கிவிட்டு அதையே செப்டிக் டேங்க் என்று சொல்வது இன்னொரு வகை. நகரங்களில் அதிகம் காணப்படுவது மூன்றாவது: தொட்டி ஓரளவு சரியாக இருக்கும், உறிஞ்சுகுழிக்கு இடமில்லை என்று வெளிக்குழாயை மழைநீர் வாய்க்காலில் விட்டிருப்பார்கள். அந்த வாய்க்கால் ஏரிக்கோ ஓடைக்கோ போகும். ஏரிக்கரையில் ஊராட்சியின் குடிநீர்க் கிணறு இருக்கும்.

அளவைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை வேரோடியிருக்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2470, ஐந்து பேர் வீட்டுக்குக் கேட்பது ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீராழம், அதற்குமேல் 30 செ.மீ. காலியிடம். நம் ஊர்களில் இதைப்போலப் பல மடங்கு பெரிதாகக் கட்டுகிறார்கள், அடிக்கடி எடுக்க வேண்டாமே என்று. எடுக்காமல் விட்ட கசடு அடியில் களிமண்ணாக இறுகுகிறது. லாரிக் குழாய் அதை உறிஞ்சாது. "மேல்தண்ணி வந்துடுச்சு, அடியில கெட்டியா கிடக்கு" என்று லாரிக்காரர் சொல்லும் அந்தக் கணத்தில்தான் ஒரு மனிதரை உள்ளே இறக்கும் யோசனை பிறக்கிறது. பெரிய தொட்டி கட்டிவிட்டோம் என்ற நிம்மதி இப்படி இன்னொருவர் உயிரில் போய் முடியக்கூடும். அளவான தொட்டி கட்டி ஒழுங்காக எடுப்பதே பாதுகாப்பு என்பதைக் கட்டட அனுமதி கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள்.

அறுபது அடி

உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. ஏறக்குறைய அறுபது அடி. இதை நோட்டீஸ் அடித்து வீடுவீடாகக் கொடுப்பதற்குமுன் ஒரு சாதாரண மனையை அளந்து பாருங்கள். முப்பதுக்கு நாற்பது, அதாவது 1,200 சதுர அடி. அரை கிரவுண்டு. அதன் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோணலாக அளந்தால்கூட ஐம்பது அடிதான் வரும். அந்த மனைக்காரர் எவ்வளவு நல்லெண்ணம் கொண்டவராக இருந்தாலும் தன் மனைக்குள் இந்த விதியைக் காப்பாற்ற முடியாது. தன் போரைத் தொட்டியிலிருந்து தள்ளித் தோண்டினால் அது பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு நெருங்கிவிடும்.

ஆகவே வீடு வீடாக விதியைப் பார்ப்பதில் பயனில்லை. தெருவை ஒரே மனையாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தாளில் தெருவை வரைந்து, எல்லாத் தொட்டிகளையும் குழிகளையும் ஒரு நிறத்திலும், கிணறு, போர், குடிநீர்க் குழாய்களை இன்னொரு நிறத்திலும் குறியுங்கள். காம்பவுண்டுச் சுவர்களைக் கணக்கில் எடுக்காமல் அளவு நாடாவைப் போடுங்கள். அறுபது அடிக்குள் வரும் ஜோடிகள் ஒவ்வொன்றையும் வட்டமிடுங்கள். நெருக்கமான தெருவில் வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு தாளே கறுத்துப்போகும். அங்கே தனித்தனி உறிஞ்சுகுழி தீர்வாகாது. அடைத்த தொட்டிகளிலிருந்து தெளிந்த நீரை மட்டும் சிறு குழாய்களில் சேர்த்து, தெருமுனையிலோ பூங்கா ஓரத்திலோ பொதுவாகச் சுத்திகரிப்பதுதான் வழி. செலவு பிடிக்கும். ஆனாலும் தெருவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பணம் கேட்பது, வெறும் மனுவோடு போய்க் கேட்பதைவிட எளிது.

தூரத்தைப் போலவே ஆழமும் முக்கியம். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வெயில்காலத்தில் குழி தோண்டும்போது பதினைந்து அடியில்கூட மண் காய்ந்திருக்கும். கொத்தனாரும் உறைகளை அடுக்கடுக்காக இறக்கிவிடுவார். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலேறி வந்ததும் குழியின் அடி நீருக்குள் நிற்கும். அப்புறம் வடிகட்ட ஈரமில்லாத மண் ஏது? கழிவுநீரை நேராகக் கிணற்றில் ஊற்றுவதற்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. டிசம்பர் மாதத்தில் அக்கம்பக்கத்துத் திறந்த கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பாருங்கள். குழியின் அடி அதற்கு ஆறேழு அடி மேலேயே முடிந்துவிட வேண்டும். ஆழமான குழிக்கு இடமில்லையென்றால், ஆழம் குறைந்த நீளமான உறிஞ்சுகால்வாய் வெட்டலாம்.

பாறை நிலத்தில் இந்த அளவுகளையும் முழுதாக நம்ப வேண்டாம். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறை, மேல்மண் மெல்லியது. பாறை வெடிப்புக்குள் கழிவுநீர் நுழைந்துவிட்டால் வடிகட்டல் என்பதே இல்லாமல் வெகுதூரம் ஓடிவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதே சிக்கல் சுண்ணாம்புக் கல்லால் வருகிறது. அங்கே நிலத்தடி நீரை விட்டால் வேறு நன்னீர் அரிது, வளவுக்கு வளவு கிணறும் மலசலகூடக் குழியும் உண்டு, கல்லோ துளைகள் நிறைந்தது. கிணற்று நீரில் நைட்ரேட் கூடியிருப்பதை அங்கே ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் காட்டி வருகிறார்கள். தோட்டத்துக்குப் போடும் உரமும் அதில் சேர்கிறது. இப்படிப்பட்ட நிலங்களில் குழியின் அடியில் மணல் படுகை போட வேண்டும். அல்லது குழியே வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டும்.

பதிவேடு

ஊரின் தொட்டிகளையெல்லாம் பதிவேட்டில் ஏற்ற முதல் ஆண்டு முழுவதையும் கொடுத்தாலும் தகும். கேள்விகள் குறைவாக இருக்கட்டும்: எந்த ஆண்டு கட்டியது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், எத்தனை அறை, அடியில் தளம் உண்டா, வெளிக்குழாய் எங்கே போகிறது, கடைசியாக எப்போது எடுத்தது, மூடியைத் திறக்க முடியுமா, லாரி எவ்வளவு தூரத்தில் நிற்க முடியும், கிணறும் போரும் எங்கே.

கடைசி மூன்று கேள்விகளுக்கு வீட்டுக்காரர் சொல்லும் பதிலை எழுதாமல் நேரில் பார்த்து எழுதுங்கள். மூடிமேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள், சில வீடுகளில் அதன்மேல் சமையலறையே வந்திருக்கும். வாடகை வீடுகளில் தொட்டி எங்கே என்பதே குடியிருப்பவருக்குத் தெரியாது.

யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். சீருடையோடு ஒரு அதிகாரி வந்து நின்றால் "எல்லாம் சரியா இருக்குங்க" என்பதோடு கதவு மூடிவிடும். அதே தெருவின் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண் ஒருவர் போய், "அக்கா, டேங்க் தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் காட்டுங்க, அபராதம் எல்லாம் ஒண்ணும் இல்லை" என்றால் கொல்லைப்புறம் வரை கூட்டிப்போவார்கள். அபராதம் இல்லை என்ற சொல்லைப் பேரூராட்சி காப்பாற்ற வேண்டும். பதிவுக் காலம் முடியும்வரை, தானாக முன்வந்து உண்மை சொன்ன ஒரு வீட்டின் மேலும் நடவடிக்கை எடுக்காதீர்கள்.

அயர்லாந்து இதை அனுபவத்தில் கற்றது. வீட்டுத் தொட்டிகளைக் கண்காணிக்கத் தவறியதாக 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்நாட்டைக் குற்றம் கண்டது. 2012-இல் சட்டம் போட்டு எல்லாத் தொட்டிகளையும் பதியச் சொன்னார்கள். பதிவுக் கட்டணம் 50 யூரோ என்றதும் கிராமங்களில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. முன்கூட்டிப் பதிகிறவர்களுக்கு 5 யூரோ என்று இறக்கிய பிறகே வேகம் பிடித்தது. ஆய்வில் தேறாத தொட்டிகளைச் சரிசெய்ய மானியமும் வைத்தார்கள். ஆய்வுக்கு வீடுகளைத் தேர்ந்தெடுக்கும்போது நீர்நிலைக்கு ஆபத்து அதிகமுள்ள இடங்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். நம் பேரூராட்சிகளிலும் பதிவுக்குக் கட்டணமே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆய்வையும் ஏரிக்கரைத் தெருக்களில், ஊர்க் குடிநீர்க் கிணற்றைச் சுற்றியுள்ள வீடுகளில் தொடங்குங்கள்.

மூடியைத் திறக்கும்போது

ஆய்வு என்பது வெளியிலிருந்து பார்ப்பது. யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது, தலையை உள்ளே நீட்டவும் கூடாது. தொட்டிக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தேங்கியிருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகிய முட்டை வாடை குறைந்த அளவில்தான் தெரியும். அளவு கூடும்போது மூக்கே மரத்துப்போய், வாடை போய்விட்டது என்று நினைக்க வைக்கும். மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள். அருகில் பீடி, தீக்குச்சி, வெல்டிங் எதுவும் வேண்டாம். குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள். வேலை முடிந்ததும் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று இரண்டு பேர் பாருங்கள்.

கசட்டின் அளவைப் பார்க்க நீண்ட கம்பின் கீழ்ப்பாதியில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, அடிவரை மெல்ல இறக்கி, சில நிமிடம் கழித்து எடுங்கள். கசடு நின்ற உயரம் வரை துணியில் கறுப்பாகப் படிந்திருக்கும். மேலே மிதக்கும் ஏடும் அடிக் கசடும் சேர்ந்து நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் எடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. கம்பு தட்டென்று மோதாமல் மண்ணுக்குள் புதைந்தால் அடித்தளம் இல்லை என்று சந்தேகிக்கலாம். வெளிக்குழாயின் மட்டத்துக்கு வெகு கீழே நீர் நின்றால், எங்கோ கசிகிறது.

வெளிக்குழாய் போகும் இடம் தெரியவில்லையென்றால் கழிவறையில் ஃபுளோரசின் சாயம் கொஞ்சம் கரைத்து ஊற்றி, நிறைய நீர் விட்டுத் தெருச் சாக்கடையைப் பாருங்கள். பச்சையாக வருவதை மறுக்க முடியாது. தொட்டியில் நீர் நிற்கும் நேரத்தைப் பொறுத்துச் சாயம் வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம், பொறுத்திருங்கள்.

திருத்துவதற்கு ஒரு வரிசை

எல்லாக் குறையையும் ஒரே நாளில் சரிசெய்யச் சொன்னால் எதுவும் நடக்காது. ஆபத்தும் செலவும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து வரிசைப்படுத்துங்கள். மலிவானவை முதலில்: உடைந்த மூடியை மாற்றுவது, டீ குழாய் பொருத்துவது, காற்றுக் குழாய்க்குக் கொசுவலை கட்டுவது, போர்க்குழாயின் வாய்ப்பகுதியைச் சுற்றிச் சிமெண்ட் மேடை கட்டி மேல்நீர் உள்ளே இறங்காமல் அடைப்பது. இவற்றுக்கு ஒரு மாதம் போதும். அடுத்தது சாக்கடைக்குப் போகும் வெளிக்குழாய். ஏரி வடிகாலில் சேரும் தெருக்களில் இதற்கு ஆறு மாதத்துக்குமேல் தரக்கூடாது. அடித்தளமற்ற தொட்டியை மாற்றுவது பெரிய செலவு. கிணற்றுக்கு அறுபது அடிக்குள் இருக்கும் தொட்டிகளுக்கு மட்டும் இதைக் கட்டாயமாக்குங்கள். மற்றவர்கள் வீட்டை விரிவாக்க அனுமதி கேட்டு வரும்போது நிபந்தனையாக வையுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பொருளுதவி இல்லாமல் நோட்டீஸ் கொடுப்பது அநியாயம். கழிவறை கட்டச் சொன்னதும் இதே அரசுதான் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

புது வீடுகளில்தான் எளிதாக வெல்ல முடியும், அங்கேதான் கோட்டையும் விடுகிறோம். 2024 முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் உடனே அனுமதி கிடைக்கிறது. மக்களுக்கு அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் வரைபடத்தில் இரண்டு அறைத் தொட்டி இருக்கும், மண்ணுக்குள் உறை இறங்கும். தொட்டிக்கு மூடு கான்கிரீட் போடுவதற்குமுன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், பேரூராட்சியிலிருந்து ஒருவர் போய்ப் பார்த்துப் படமெடுத்துப் பதிவேட்டில் ஒட்டட்டும். நீரை நிரப்பி ஒரு நாள் விட்டு மட்டம் இறங்குகிறதா என்று பார்த்தால் இன்னும் நல்லது. ஊரில் தொட்டி கட்டும் கொத்தனார்கள் சிலரே இருப்பார்கள். அவர்களைக் கூட்டி, சரியாகக் கட்டிய தொட்டி ஒன்றைக் காட்டுங்கள். எத்தனையோ சுற்றறிக்கைகள் செய்யாததை அந்த ஒரு நாள் பயிற்சி செய்துவிடும்.

லாரி எங்கே கொட்டுகிறது

வீட்டிலிருந்து எடுத்த கசடு ஓடைக்கரையில் கொட்டப்பட்டால் இதுவரை செய்த வேலை அத்தனையும் இன்னொரு ஊரின் கிணற்றில் போய் விழுகிறது. கசடு மேலாண்மைக்குத் தமிழ்நாடு அரசு 2014-இல் வழிமுறைகள் வெளியிட்டது. 2022-இல் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தில் திருத்தம் செய்து, கசடு எடுக்கும் வாகனங்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017-இல் வந்த மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் பக்கத்து மதுராந்தகத்தின் கசட்டையும் சேர்த்து ஏற்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் தனி நிலையம் தேவையில்லை, சில ஊர்கள் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அது முன்மாதிரி. பாதாளச் சாக்கடை உள்ள நகரம் பக்கத்தில் இருந்தால் அதன் சுத்திகரிப்பு நிலையத்திலேயே அளவறிந்து சேர்க்கலாம்.

உரிமமும் ஜி.பி.எஸ். கருவியும் தேவைதான். ஆனால் லாரி சரியான இடத்துக்குப் போவதும் போகாமல் விடுவதும் பெரும்பாலும் டீசல் கணக்கில்தான் முடிவாகிறது. நிலையம் வெகு தொலைவில் இருந்தால், கொட்டுவதற்குக் கட்டணமும் கேட்டால், மாலை ஐந்து மணிக்கு வாசல் பூட்டப்பட்டால், எந்த லாரியும் வராது. கொட்டுவதற்குக் காசு வாங்காதீர்கள்; முடிந்தால் கொண்டுவரும் ஒவ்வொரு நடைக்கும் கொடுங்கள். இரவு வரை திறந்து வையுங்கள். மூன்று படிகள் கொண்ட ரசீது புத்தகம் ஒன்றை அச்சிடுங்கள்: ஒன்று வீட்டுக்காரருக்கு, ஒன்று லாரிக்கு, ஒன்று நிலையத்துக்கு. மாத முடிவில் வீட்டு ரசீதுகளின் எண்ணிக்கையும் நிலையத்தின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி கேளுங்கள். வயலில் நேரடியாகக் கொட்டச் சொல்லும் விவசாயிகளும் உண்டு. சுத்திகரிக்காத கசட்டில் குடற்புழு முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதை அவர்களிடம் பொறுமையாகச் சொல்லி, நிலையத்தில் காயவைத்துப் பதப்படுத்திய உரத்தைக் கொடுங்கள்.

லாரி ஓட்டுநர்களையும் உதவியாளர்களையும் குற்றவாளிகளைப்போல நடத்தும் ஊரில் இந்த ஏற்பாடு நிலைக்காது. ஊரின் ஆரோக்கியம் அவர்கள் கையில் இருக்கிறது. கையுறை, காலணி, தடுப்பூசி, குளிக்க இடம் ஆகியவை உரிம நிபந்தனையில் எழுதப்பட வேண்டும். கொடுக்கப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மனிதரை இறக்குவது குற்றம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, செப்டிக் டேங்க்கில் ஆபத்தான முறையில் ஒருவரை இறக்கிச் சுத்தம் செய்ய வைத்தால் முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் என்று வகுத்து, 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. கூப்பிட்டு இறக்கும் வீட்டுக்காரரும் இந்தச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்பதை ரசீதின் பின்பக்கத்தில் தமிழில் அச்சிடுங்கள். அதன் கீழே கசடு எடுக்க அழைக்கும் கட்டணமில்லா எண் 14420 இருக்கட்டும். இறுகிய கசடாக இருந்தால் நீரைப் பீய்ச்சிக் கரைத்து உறிஞ்சும் இயந்திரம் வரவழைக்கலாம். அதற்கு ஆகும் கூடுதல் செலவை ஒரு உயிரோடு ஒப்பிட எந்த ஊருக்கும் உரிமை இல்லை.

முறை வைத்து எடுப்பது

கழிவறை பொங்கினால்தான் லாரியைக் கூப்பிடுவது நம் வழக்கம். பொங்காத, கசியும் தொட்டி இந்த வழக்கத்தில் என்றைக்கும் சிக்காது. மகாராஷ்டிரத்தின் வாய் நகராட்சி 2018-இல் வேறு முறைக்கு மாறியது. நகரை மூன்றாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியாக எல்லாத் தொட்டிகளையும் வரிசையாக எடுக்கிறார்கள். கூப்பிட வேண்டியதில்லை, லாரியே வருகிறது. எடுக்கும்போது தனியாகக் காசு இல்லை. சொத்து வரியோடு சேர்ந்த சுகாதார வரியிலிருந்து, எடுத்து முடித்த தொட்டிகளின் கணக்குப்படி ஒப்பந்தக்காரருக்குப் பணம் போகிறது. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளை எடுப்பதால் லாரிக்கும் அலைச்சல் குறைவு.

இதை ஊர் முழுக்க ஒரேயடியாகத் தொடங்க வேண்டாம். இரண்டு வார்டுகளில் ஒரு சுற்று முடித்துப் பாருங்கள். முறை வைத்து எடுத்தால் மூடி திறக்காத தொட்டிகள், அடித்தளமற்ற குழிகள் எல்லாம் தாமாகவே வெளிப்பட்டுவிடும். பதிவேட்டில் விட்டுப்போனவையும் திருந்தும்.

கிராமங்களில் இரட்டைக் குழிக் கழிவறை இருந்தால் அதை செப்டிக் டேங்க்காக மாற்றத் தூண்டாதீர்கள். நீர்மட்டம் ஆழமாக உள்ள மண்ணில் அதுவே மேல்: ஒரு குழி நிரம்பியதும் மற்றதுக்குத் திருப்பிவிட்டு, நிரம்பியதை இரண்டாண்டு மூடிவைத்தால் கசடு மண்ணாகிவிடும். இரண்டு குழிக்கும் ஒரே நேரத்தில் நீர் போகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அங்கே கண்காணிக்க வேண்டியது.

தண்ணீர் சொல்லும் கணக்கு

இவ்வளவும் பலித்ததா என்பதைக் கிணற்றில்தான் பார்க்க வேண்டும். தெருவுக்கு ஒரு கிணறோ போரோ தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கு இருமுறை மாதிரி எடுங்கள்: மே மாதத்தில் ஒன்று, டிசம்பரில் மழை ஓய்ந்ததும் ஒன்று. வெயில்காலத்தில் மட்டும் சோதித்து எல்லாம் நலம் என்று எழுதிவைக்கும் பழக்கத்தை விடுங்கள். இந்தியக் குடிநீர்த் தரப்படி 100 மில்லி நீரில் ஈ.கோலை இருக்கவே கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதற்குத் தளர்வும் கிடையாது.

கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலையே பயன்படுத்துங்கள், அதைக் கழுவாதீர்கள். சில நிமிடம் நீரை ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டந்தோறும் உள்ளன.

முடிவுகளைத் தெருப் பெயரோடு பேரூராட்சி அறிவிப்புப் பலகையில் போடுங்கள். வீட்டு எண் வேண்டாம். வீட்டு எண் போட்டால் அடுத்த முறை மாதிரி எடுக்க யாரும் விடமாட்டார்கள்.

ஈ.கோலை வந்தால் அன்றைக்கே அந்தக் கிணற்றைப் பயன்படுத்தும் எல்லாரிடமும் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், கிணற்றுக்குக் குளோரின் போடுங்கள். நைட்ரேட்டுக்கு இதே அறிவுரையைச் சொல்லிவிடாதீர்கள். கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி நைட்ரேட் இன்னும் அடர்த்தியாகும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்க அந்த நீரைத் தொடவே கூடாது; குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். அந்தத் தெருவில் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு வேறு குடிநீர் ஏற்பாடு செய்வது பேரூராட்சியின் பொறுப்பு. இரண்டும் சேர்ந்து வந்தால் கழிவுநீரைச் சந்தேகிக்கலாம். நைட்ரேட் மட்டும் என்றால் மாட்டுத் தொழுவத்தையும் உரம் போடும் வயலையும் பாருங்கள்.

பிறகு தெருப் படத்தை எடுத்து, அந்தக் கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் அறுபது அடிக்குள் உள்ள தொட்டிகளிலிருந்து ஆய்வைத் தொடங்குங்கள். கோளாறு சரியானதும் ஈ.கோலை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறங்கிவிடக்கூடும். நைட்ரேட் அப்படி இறங்காது. மண்ணிலும் பாறையிலும் முன்பே சேர்ந்தது கரைந்து வெளியேறப் பல ஆண்டுகள் பிடிக்கலாம். பணம் செலவழித்துத் தொட்டியை மாற்றிய வீட்டுக்காரர் அடுத்த டிசம்பர் முடிவைப் பார்த்து, "இவ்வளவு செஞ்சும் என்னங்க பிரயோஜனம்?" என்று கேட்பார். இந்தத் தாமதத்தை அவரிடம் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவையுங்கள். பதிவேட்டில் மே எண்களையும் டிசம்பர் எண்களையும் தனித்தனிப் பத்தியாக எழுதி, டிசம்பரை முந்தைய டிசம்பரோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.